முடக்குவாதமும் குடல் பாக்டீரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுநோய்ப் பிரிவை ஒட்டியுள்ள மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. மாதம் தவறாமல் வருபவர்கள் மருத்துவரிடம் கேட்கத் தயங்கியதை என்னிடம் கேட்பார்கள். அண்மைக் காலத்தில் அவற்றுள் பாதிக் கேள்விகள் வயிற்றைப் பற்றியவை. குடலில் வாழும் பாக்டீரியாதான் முடக்குவாதத்துக்குக் காரணம் என்று எங்கோ கேட்டுவிட்டு, நம்பிக்கையோடும் அச்சத்தோடும் வருகிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்தவரை பதிலளித்திருக்கிறேன். முடக்குவாதம் என்று நான் இங்கே குறிப்பிடுவது ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸை. சில ஊர்களில் இதைச் சரவாங்கி என்பார்கள். கை கால் செயலிழக்கும் பக்கவாதம் வேறு நோய்.

நோய் மூட்டுல இருக்கு. வயித்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

முடக்குவாதம் மூட்டில் வெளிப்படுகிறதே தவிர, அது தொடங்கும் இடம் மூட்டாக இல்லாமல் இருக்கலாம் என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம், மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை எதிரியாகக் கருதித் தாக்குகிறது. சவ்வு தடித்து வீங்கி, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அந்த நோயெதிர்ப்பு அணுக்களில் கணிசமான ஒரு பகுதி குடற்சுவரை ஒட்டியே குடியிருக்கிறது. எது உணவு, எது உடனிருந்து வாழும் பாக்டீரியா, எது விரட்டப்பட வேண்டிய கிருமி என்று அவை பழகிக்கொள்ளும் முதன்மையான இடம் குடல்தான். அந்தப் பழக்கம் பிசகினால் அதன் விளைவு குடலோடு நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. நெதர்லாந்தில் இரத்ததானம் செய்தவர்களுள் பிற்காலத்தில் முடக்குவாதம் வந்தவர்களின் பழைய இரத்த மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேரின் இரத்தத்தில், மூட்டுவலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள், அதாவது நோயெதிர்ப்பு மண்டலம் தாக்குவதற்காக உருவாக்கும் புரதங்கள், இருந்தன. மூட்டு நலமாக இருந்த அந்த ஆண்டுகளில் அவை வேறு எங்கோ உருவாகியிருக்க வேண்டும். வாய் ஈறு, நுரையீரல், குடல் ஆகிய மூன்றின் மீதும் சந்தேகம் விழுந்தது இப்படித்தான்.

வயசானா முட்டி தேயுமே, அதுக்கும் இது பொருந்துமா?

இந்தப் பக்கத்தில் உள்ளவை தேய்மானத்துக்குப் பொருந்தாது. தேய்மானம் பெரும்பாலும் முழங்கால், இடுப்பு போன்ற பாரம் தாங்கும் மூட்டுகளில் வரும். முடக்குவாதம் விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு, மணிக்கட்டு என்று சிறு மூட்டுகளில் இரு பக்கமும் வரும். காலையில் எழுந்ததும் விறைப்பு நெடுநேரம் இருக்கும், முப்பது வயதிலும் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

குடல்ல கிருமி இருக்குன்னா, பேதிக்குக் குடிச்சு சுத்தம் பண்ணிடலாமே?

குடல் பாக்டீரியாவை அழுக்கைப்போல நினைப்பதால் எழும் கேள்வி இது. பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை புளிக்கவைத்து, பியூட்டிரேட் முதலிய சிறு அமிலங்களை உண்டாக்குகின்றன. குடற்சுவர் அணுக்களுக்கு அதுவே எரிபொருள். நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தி அணுக்கள் பெருகவும் அது உதவுகிறது. வயிற்றைக் கழுவினால் சில நாட்களுக்கு எண்ணிக்கை குறையுமே அன்றி, மீண்டும் அதே கூட்டம்தான் வளரும். முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எடுத்துக்கொள்பவர்களுக்குப் பேதியால் உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் அந்த மருந்தை வெளியேற்றுவது குறைந்து, அதன் நச்சுத்தன்மை கூடும். ஆகவே இதை யாரும் செய்ய வேண்டாம்.

எந்தக் கிருமின்னு கண்டுபிடிச்சிட்டாங்களா?

காசநோய்க்கு ஒரு கிருமி என்பதுபோல இதற்கு ஒரு கிருமி இல்லை. பெயர் அடிபடுபவை சில உண்டு. அவற்றுள் முதன்மையானது பிரிவோடெல்லா கோப்ரி. 2013இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் புதிதாக வந்து இன்னும் மருந்தே தொடங்காத 44 பேரின் மலத்தைப் பரிசோதித்தபோது, 33 பேரிடம் இந்தப் பாக்டீரியா இருந்தது. நோயில்லாத 28 பேரில் 6 பேரிடம் மட்டுமே இருந்தது. ஏற்கெனவே நீண்டகாலமாகச் சிகிச்சையில் இருந்த 26 நோயாளிகளில் அது 3 பேரிடம் மட்டுமே காணப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோயின் தொடக்கத்தில் மிகுந்திருந்து பிறகு குறையும் ஒன்றாக அது இருக்கக்கூடும்.

பிற நாடுகளில் பிற பெயர்கள் வந்தன. 2015இல் வெளியான சீன ஆய்வில் லாக்டோபாசிலஸ் சலிவாரியஸ் என்ற இனம் நோயாளிகளின் குடலிலும் பல்லிலும் எச்சிலிலும் மிகுந்திருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2016இல் கொலின்செல்லா என்ற பாக்டீரியாவைச் சுட்டினார்கள். 2022இல் கொலராடோ ஆய்வாளர்கள் எதிர்த்திசையிலிருந்து தொடங்கினார்கள். நோய்க்கான எதிர்ப்பொருள் உருவாகத் தொடங்கியவர்களின் இரத்தத்திலிருந்து அந்த எதிர்ப்பொருள்களை எடுத்து, அவை எந்தக் குடல் பாக்டீரியாவைப் பற்றுகின்றன என்று தேடினார்கள். அப்படிக் கிடைத்த ஒன்றுக்குச் சப்டோலிகிரானுலம் டிடோலெஸ்ஜியை என்று பெயரிட்டார்கள். மூட்டு வாதத்தைக் குறிக்கும் செரோகி பழங்குடியினரின் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் மட்டுமே அது இருந்தது. ஆனால் வேறெந்தத் தூண்டுதலும் இல்லாமல், அந்த ஒரு பாக்டீரியாவை மட்டும் கொடுத்த எலிகளுக்கு மூட்டுகள் வீங்கின.

நோய் வந்ததால குடல் மாறுச்சா, குடல் மாறினதால நோய் வந்துச்சா?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே மிகச் சிறந்தது இதுதான். கேட்டவர் பள்ளி ஆசிரியை. மாத்திரை அட்டையைக் கிழிக்க விரல் ஒத்துழைக்காமல், சாவியின் முனையால் அதன் முதுகைக் கீறிக்கொண்டே கேட்டார். முந்தைய பதிலில் சொன்ன நியூயார்க் ஆய்வு இதற்கு விடை தராது. ஒரே நாளில் எடுத்த மாதிரியில் இரண்டும் சேர்ந்திருப்பது தெரியுமே ஒழிய, எது முந்தியது என்று தெரியாது. வலியால் உணவு மாறியிருக்கலாம், வலி மாத்திரைகள் குடலைப் பாதித்திருக்கலாம்.

ஆகவே நோய் வருவதற்கு முன்பே பார்த்தார்கள். 2019இல் சுவிட்சர்லாந்தில், நோயாளிகளின் இரத்த உறவினர்களுள் எதிர்ப்பொருளோ தொடக்கக்கால அறிகுறியோ இருந்து, இன்னும் நோயாக முற்றாதவர்களைப் பரிசோதித்தபோது, அவர்களின் குடலில் பிரிவோடெல்லாக் குடும்பம் மிகுந்திருந்தது. பிரிட்டனின் இரட்டையர் ஆய்வு 2020இல், நோய் சிறிதும் இல்லாதவர்களிடத்திலும் முடக்குவாதத்துக்கான மரபணு ஆபத்து கூடக்கூடப் பிரிவோடெல்லாவும் கூடுவதைக் காட்டியது. குடல் மாற்றம் நோய்க்கு முந்தியும் இருக்கிறது என்று இவற்றைக் கொண்டு சொல்லலாம்.

எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட ஒருவகை எலிகளுக்கு மூட்டு நோய் மிகக் குறைவாகவே வந்தது. அவற்றின் குடலில் ஒரே ஓர் இழைவடிவ பாக்டீரியாவைக் குடியேற்றியதும் நோய் தீவிரமானது. 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டியது இது. ஜப்பானில் 2016இல், நோயாளியின் மலத்திலிருந்த பாக்டீரியாவை மரபணு ரீதியாக நோய்க்கு ஏதுவான எலிகளுக்குக் கொடுத்து, ஈஸ்ட்டின் செல்சுவர்ப் பொருளையும் செலுத்தியபோது மூட்டழற்சி வந்தது. மரபணு, பாக்டீரியா, ஒரு தூண்டுதல் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்தே இருந்தன. இதற்கு நேர்மாறான ஆய்வையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1970களின் இறுதியில் ஜப்பானில் வேறொரு முறையில் மூட்டு நோய் உண்டாக்கப்பட்டபோது, பாக்டீரியா இல்லாத எலிகளுக்கே நோய் கடுமையாக இருந்தது. பாக்டீரியா நோயைத் தூண்டவும் கூடும், அடக்கவும் கூடும். எது நடக்கும் என்பது அதன் இனத்தையும் அது வாழும் உடலையும் பொறுத்தது.

குடல்ல இருக்கிறது விரல் மூட்டு வரைக்கும் எப்படிப் போகும்?

பாக்டீரியா நேரடியாக மூட்டுக்குச் சென்று குடியேற வேண்டியதில்லை. மூன்று வழிகள் பேசப்படுகின்றன. முதலாவது கசிவு. குடற்சுவர் அணுக்களைத் தைத்து வைத்திருக்கும் இணைப்புகளைத் தளர்த்தும் ஸோனுலின் என்ற புரதம், நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்து பின்னர் மூட்டு நோயும் வந்தவர்களிடம் மிகுந்திருந்ததாக ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். தளர்ந்த இணைப்பு வழியே பாக்டீரியாவின் துணுக்குகள் உள்ளே புகுந்து அழற்சியைக் கிளறும். இரண்டாவது, குடலில் தூண்டப்பட்ட நோயெதிர்ப்பு அணுக்கள், குறிப்பாக டி.ஹெச்.17 எனப்படும் அழற்சியைத் தூண்டும் வகை, இரத்தத்தில் பயணித்து வேறிடம் சேர்வது. மூன்றாவது ஆள்மாறாட்டம். பாக்டீரியாவின் புரதத்துண்டும் நம் மூட்டுச் சவ்வின் புரதத்துண்டும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருந்தால், ஒன்றுக்காகப் பழகிய அணு மற்றதையும் தாக்கும். பாஸ்டன் ஆய்வாளர்கள் 2017இல் பிரிவோடெல்லாவுக்கும் மனிதப் புரதங்கள் இரண்டுக்கும் இப்படிப்பட்ட ஒற்றுமையைக் கண்டார்கள்.

பல் ஈறு கெட்டாலும் மூட்டு வீங்குமாமே? அந்தக் காலத்துல பல்லையே பிடுங்கினாங்களாம்?

பல்லைப் பிடுங்கியது உண்மை. ஈறு நோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் நடுவே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடலின் ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் சீழ்தான் மூட்டுவாதத்துக்குக் காரணம் என்ற கொள்கை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பரவியது. நல்ல பற்களும் உள்நாக்குச் சதைகளும் கூட்டம் கூட்டமாக நோயாளிகளிடமிருந்து அகற்றப்பட்டன. சில அறுவை மருத்துவர்கள் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்கள். அந்தக் கொள்கையைத் தொடக்கத்தில் ஆதரித்த ரஸ்ஸல் செசில் என்ற அமெரிக்க மருத்துவரே 200 முடக்குவாத நோயாளிகளைத் தொகுத்து ஆராய்ந்து, பல்லையும் சதையையும் எடுத்ததால் பயனில்லை என்று 1938இல் எழுதினார். தன் கொள்கை தவறென்று தானே எழுதுவதற்கு மிகுந்த மன உரம் வேண்டும்.

இன்றைய ஆய்வு அதே ஈறுக்குத் திரும்பியிருந்தாலும் காரணம் வேறு. ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம், புரதத்திலுள்ள ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலின் என்ற வேறொன்றாக மாற்றும் நொதி இருக்கிறது. அப்படி மாறிய புரதங்களுக்கு எதிராகத் தோன்றும் எதிர்ப்பொருளைத்தான் ஆன்டி-சிசிபி என்ற இரத்தப் பரிசோதனை கண்டறிகிறது. ஆகவே ஈறில் இரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

அம்மாவுக்கு இருக்கு. எனக்கும் வந்தே தீருமா?

வந்தே தீரும் என்பதில்லை. மரபணு முழுவதும் ஒன்றாக இருக்கும் ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது சுமார் 15 விழுக்காடுதான் என்று 1993இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. மீதியைத் தீர்மானிப்பவை பிற காரணங்கள். அவற்றுள் மிக உறுதியாக நிறுவப்பட்டது புகைப்பழக்கம். குடல் பாக்டீரியா இன்னும் ஆராயப்பட்டு வருவது.

வயித்துப்போக்கு வந்து மூணு வாரத்துல முட்டி வீங்குச்சு. இதுவும் அதுதானா?

பெரும்பாலும் வேறு நோய். சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகளால் வயிற்றுப்போக்கு வந்து ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் முழங்காலும் கணுக்காலும் வீங்குவதை எதிர்வினை மூட்டழற்சி என்பார்கள். அது ஒரு பக்கத்தில் மிகுந்திருக்கும், பலருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். குடலில் நடப்பது மூட்டை வீங்க வைக்கும் என்பதற்கு ஐயமில்லாத சான்று இதுதான். ஆனால் இதில் ஈடுபடுவது வெளியிலிருந்து வந்த நோய்க்கிருமி, குடலில் நெடுங்காலமாக உடன்வாழும் பாக்டீரியா அன்று. நம் ஊரில் 2006க்குப் பிறகு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலி பார்வைக்கு முடக்குவாதத்தைப் போலவே இருக்கும். இவற்றை மருத்துவர் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

சைவம் சாப்பிடறவங்க குடல்ல பிரிவோடெல்லா அதிகம்னு படிச்சேன். அப்போ காய்கறிதான் நமக்கு எமனா?

இல்லை. தானியமும் பருப்பும் காய்கறியும் மிகுதியாக உண்ணும் மக்களின் குடலில், இந்தியா உட்பட, பிரிவோடெல்லா மிகுந்திருப்பது உண்மை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முடக்குவாதம் இல்லை என்பதும் உண்மை. இந்த முரண்பாடு 2019இல் ஓரளவு விளங்கியது. பிரிவோடெல்லா கோப்ரி என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டது உண்மையில் நான்கு தனித்தனிக் கிளைகளாக இருந்தது. மேற்கத்திய உணவுமுறைக்கு மாறாத மக்களிடம் நான்கும் சேர்ந்தே வாழ்ந்தன. இப்போது அதற்குச் சேகடெல்லா என்று பெயரும் மாறிவிட்டது. நோயாளிகளிடமிருந்து பிரித்த வகைகள் எலிகளுக்குக் கடுமையான அழற்சியை உண்டாக்கியதையும், நோயில்லாதவர்களிடமிருந்து பிரித்தவை அந்த அளவுக்கு உண்டாக்காததையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரே குலப்பெயர் என்பதால் எல்லாரும் ஒரே குணம் என்று கொள்ளக்கூடாது. கீரையையும் பருப்பையும் குறைக்காதீர்கள்.

அப்போ மலத்தைக் கொடுத்து குடல் கிருமி டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமா?

பணத்தை வீணாக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முந்தைய பதிலில் சொன்னபடி, பாக்டீரியாவின் பெயர் மட்டும் தெரிவதால் நோயைச் சொல்லிவிட முடியாது. முடக்குவாதத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் மலப் பரிசோதனை கிடையாது. மூட்டுகளைத் தொட்டுப் பார்ப்பது, ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி, இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் ஆகியவையே இன்றும் வழி.

தயிர், பழைய சோறு, புரோபயாட்டிக் மாத்திரை, இதெல்லாம் சாப்பிட்டா குறையுமா?

நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் மாத்திரைகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நீடித்தவை. சிலவற்றில் அழற்சி சிறிது குறைந்தது, சிலவற்றில் மாற்றமில்லை. நோயாளிகளிடம் மிகுந்திருந்ததாகச் சீன ஆய்வு கண்ட பாக்டீரியாவும் லாக்டோபாசிலஸ் என்ற பெயரில் அழைக்கப்பட்டதுதான் என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பெயர் அட்டையில் இருப்பதாலேயே எல்லாம் நல்லது என்றாகிவிடாது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவக் கழகம் 2022இல் தந்த பரிந்துரையில், ஆலிவ் எண்ணெய், காய்கறி, பழம், பருப்பு, மீன் கலந்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவுமுறைக்கு மட்டுமே நிபந்தனையோடு ஆதரவு தெரிவித்தது.

தயிரும் மோரும் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். இட்லி மாவைப் புளிக்க வைத்த பாக்டீரியா ஆவியில் வேகும்போது இறந்துவிடும். ஆகவே அந்தக் கணக்கில் இட்லியைச் சேர்க்க முடியாது. பழைய சோறு உண்பவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொள்வதாக இருந்தால், கொதித்து ஆறிய நீரை ஊற்றி, சுத்தமான பாத்திரத்தில் மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே உண்டுவிடுங்கள்.

விரதம் இருந்தா வலி குறையுது. இது மனப்பிரமையா?

பிரமை இல்லை. நார்வேயில் 53 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 1991இல் வெளியானது. அவர்களில் 27 பேர் ஏழு முதல் பத்து நாட்கள் விரதமிருந்து, பிறகு மூன்றரை மாதங்கள் பாலும் கோதுமையும் தவிர்த்த சைவ உணவுக்கும், அதன் பின் பால் சேர்த்த சைவ உணவுக்கும் மாறினார்கள். வலியும் வீக்கமும் குறைந்தன, பயன் ஓராண்டு முடிவிலும் தெரிந்தது. நலமடைந்தவர்களின் மல பாக்டீரியா அமைப்பு மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருந்ததும் பின்னர் தெரியவந்தது. ஆனால் விரதத்தை மட்டும் இருந்துவிட்டுப் பழைய உணவுக்குத் திரும்பினால் வலியும் திரும்பிவிடும். எல்லாருக்கும் பயன் கிடைக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. நீரிழிவு மாத்திரையோ ஸ்டீராய்டோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் விரதம் இருக்கவே கூடாது.

ஆன்டிபயாட்டிக் கொடுத்து அந்தக் கிருமியைக் கொல்ல வேண்டியதுதானே?

இந்த எண்ணத்திலிருந்து பிறந்த ஒரு மருந்தை இன்றும் நான் எடுத்துக் கொடுக்கிறேன். முடக்குவாதத்துக்குப் பாக்டீரியா காரணமாயிருக்கலாம் என்று நம்பிய ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், கிருமிகளைக் கொல்லும் சல்ஃபா மருந்தையும் வீக்கத்தைக் குறைக்கும் சாலிசிலிக் அமில வகையையும் ஒரே மூலக்கூறாக இணைக்கச் செய்தார். அப்படி 1940 வாக்கில் உருவானதுதான் சல்ஃபாசலசைன். அந்த இணைப்பை உடைப்பது பெருங்குடல் பாக்டீரியாவே. பாக்டீரியாவை எதிர்க்கப் படைத்த மருந்து, பாக்டீரியாவின் துணையால்தான் பிரிந்து வேலை செய்கிறது.

1990களில் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஆய்வுகளில் ஓரளவு பயன் தந்தது. ஆனால் அதற்கு நேரடியாக அழற்சியைக் குறைக்கும் குணமும் உண்டு என்பதால், பயன் கிருமி இறந்ததால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. மறுபுறம், 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முன்பு ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு முடக்குவாத வாய்ப்பு சுமார் 60 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மருந்து காரணமா, மருந்து தேவைப்பட்ட நோய்த்தொற்று காரணமா என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. தேவையின்றி எடுக்க வேண்டாம் என்பதற்கு அதுவே போதும்.

நல்லா இருக்கிறவங்க மலத்தை எடுத்து மத்தவங்களுக்கு வைக்கிறாங்களாமே?

பெருங்குடலில் வரும் ஒருவகைத் தீராத கிருமித்தொற்றுக்கு அது நல்ல சிகிச்சை. மூட்டு நோய்க்கு நிலைமை வேறு. டென்மார்க்கில் சோரியாசிஸ் என்ற தோல்நோய் சார்ந்த மூட்டழற்சி உள்ள 31 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. அதில் மல மாற்றம் பெற்ற 15 பேரில் 9 பேருக்குச் சிகிச்சை தோற்றது. போலிச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 3 பேருக்கு மட்டுமே தோற்றது. முடக்குவாதத்துக்கு அடுத்த வீட்டு நோயில் கிடைத்த இந்த முடிவு எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது.

அப்போ வயித்தைச் சரி பண்ணிட்டா மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திடலாமா?

நிறுத்தக்கூடாது. இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். நோயைத் தொடங்கி வைப்பது வேறு, தொடங்கிய நோயை நடத்திச் செல்வது வேறு. தீக்குச்சியை அணைத்துவிட்டால் பற்றிய கூரை அணையாது. மூட்டுச் சவ்வு ஒருமுறை அழற்சிக்கு உள்ளானபின் அது தானாகவே நோயைத் தொடரும் வலிமை பெற்றுவிடுகிறது, அரிக்கப்பட்ட எலும்பு பழையபடி ஆவதில்லை. ஓர் அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டு எட்டு மாதம் குடல் சுத்திகரிப்பு என்று ஏதோ குடித்து வந்தார். திரும்பி வந்தபோது அவர் வலக்கை விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன, கையெழுத்துப் போட முடியவில்லை.

குடலும் மருந்தும் எதிரெதிர் கட்சிகள் அல்ல. ஒருவருடைய குடல் பாக்டீரியாவின் அமைப்பைக் கொண்டு அவருக்கு மெத்தோட்ரெக்சேட் பலன் தருமா என்று முன்கூட்டியே கணிக்க முடியும் என நியூயார்க் ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். அது நடைமுறைக்கு வந்தால், பலன் தராத மருந்தில் மாதங்களை இழப்பது தவிர்க்கப்படும். இதை எழுதும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மாத்திரை. நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

என் பொண்ணுக்கு ஆன்டி-சிசிபி இருக்கு, ஆனா வலியே இல்லை. இப்போ என்ன பண்றது?

முதல் பதிலில் சொன்ன, மூட்டு நலமாக இருக்கும் அந்த இடைக்காலத்தில் அவர் இருக்கக்கூடும். எதிர்ப்பொருள் உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை. எதிர்ப்பொருளோடு மூட்டுவலியும் தொடங்கியவர்களுக்கு அபடாசெப்ட் என்ற ஊசிமருந்தைக் கொடுத்து நோயைத் தள்ளிப்போட முயன்ற இரண்டு ஆய்வுகள் 2024இல் வெளிவந்தன. மருந்து கொடுத்த காலத்தில் நோய் தள்ளிப்போனது. வலியே இல்லாதவருக்கு அது இன்று வழக்கமான சிகிச்சை அன்று. குடல் வழியே நோயைத் தடுக்க முடியுமென்றால் அதற்குரிய காலமும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கென்று எழுதிக் கொடுக்கும் மருந்து எதுவும் இன்று இல்லை.

வீட்டில் யாரும் புகைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈறுகளைப் பேணட்டும், உடல் எடை கூடாமல் இருக்கட்டும், நார்ச்சத்துள்ள உணவை உண்ணட்டும். என்றாவது காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க அரைமணி நேரத்துக்கு மேல் பிடித்தாலோ, ஈரத்துணியைப் பிழியும்போது மணிக்கட்டு வலித்தாலோ, யாரேனும் கைகுலுக்கும்போது விரல்களின் அடிமூட்டு நொந்தாலோ, ஆறு வாரங்களுக்குள் மூட்டுநோய் மருத்துவர் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.